மிருதங்கம் திறந்த கதவு: ஒரு பல்கலைக்கழகத்துக்குள் ஜாஸ் நுழைந்த கதை

ஜாஸ் இசையில் பட்டம் வாங்கலாம் என்று சொன்னால் நம் ஊரில் பலருக்குச் சிரிப்பு வரும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரிப் படிப்பு என்றாலே மெக்கானிக்கல், இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் தான். படிப்பு முடிந்தால் சிப்காட்டில் ஒரு வேலை. இல்லையென்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு வேலை. பாட்டும் மேளமும் கல்யாண வீட்டு விஷயம், கோயில் திருவிழா விஷயம். அதற்கு ஒரு துறை, அதற்கு ஒரு பேராசிரியர், பரீட்சை, மார்க்கு... இதெல்லாம் எதற்கு?

இது நம் ஊரில் மட்டும் எழுகிற கேள்வி அல்ல. ஜாஸ் பிறந்த அமெரிக்காவிலேயே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைப் பல வருடங்கள் வாசலுக்கு வெளியே தான் நிறுத்தி வைத்திருந்தன. அது உள்ளே வந்த கதையில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு தமிழ்ச் சங்கதியும் இருக்கிறது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கலைஞர்கள் ஆசிரியர்களாக வந்து சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சென்னையிலிருந்து போன ஒரு மிருதங்க வித்வான் அங்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்! மிருதங்கம் முன்னே போக, சாக்ஸபோன் பின்னே போன கதை இது.

கெட்ட பெயர் வாங்கிய இசை

முதலில் ஜாஸ் பற்றிக் கொஞ்சம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உருவான இசை இது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பேரப்பிள்ளைகள் உருவாக்கியது. சவ ஊர்வல பேண்டு வாத்தியம், தேவாலயப் பாட்டு, ப்ளூஸ், நடன மெட்டு என்று எல்லாம் கலந்த கலவை. ஆனால் 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையர்கள். அப்போதே தொடங்கிவிட்டது யாருடைய சொத்து யார் கையில் என்ற பிரச்சினை.

ஜாஸை நம்மவர்களுக்குச் சுலபமாகப் புரிய வைக்க ஒரு வழி உண்டு. கச்சேரியில் ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. வித்வான் அந்தச் சுற்றுக்குள் கல்பனா ஸ்வரம் பாடிவிட்டு எடுத்த இடத்துக்குச் சரியாக வந்து சேருவார். ஜாஸிலும் அப்படி ஒரு சுற்று உண்டு. ப்ளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பகுதிகள், பகுதிக்கு 4 எண்ணிக்கை, மொத்தம் 48. அந்த 48 திரும்பத் திரும்பச் சுற்றும். அதன் மேல் சாக்ஸபோன்காரர் அந்த நிமிடத்தில் மனதில் தோன்றுவதை வாசிப்பார். நாம் மனோதர்மம் என்று சொல்வது தான். ஒரு பெரிய வித்தியாசம், ஜாஸில் அடியில் ஸ்வரக் கூட்டங்கள் மாறிக்கொண்டே போகும், நம் இசையில் ராகம் நிலையாக நிற்கும். இரண்டையும் கற்றுக்கொள்ளும் வழி ஒன்றே. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதால் கேட்டு, திரும்ப வாசித்து, திட்டு வாங்கி, மறுபடி வாசிப்பது.

பல்கலைக்கழகத்துக்கு இது பிடிக்கவில்லை. அங்கே இசை என்றால் பாஹ், பீத்தோவன். தாளில் எழுதிய இசை. எழுதப்படாததை எப்படிப் பாடத்திட்டம் ஆக்குவது, எப்படி மார்க்கு போடுவது? இது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம் இன்னொன்று. சாராயக் கடையிலும் நடன விடுதியிலும் வாசிக்கப்பட்ட இசை, அதுவும் கறுப்பின மக்களின் இசை.

பெயரை மறைத்து நுழைந்த பாடம்

ஜாஸ் வகுப்பை முதலில் துணிந்து நடத்தியது அமெரிக்கா அல்ல, ஜெர்மனி! ஃபிராங்ஃபர்ட் நகரத்தின் ஹோக் இசைக் கல்லூரியில் 1928இல் மாத்யாஸ் சைபர் என்ற இசையமைப்பாளர் ஜாஸ் வகுப்பு தொடங்கினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அதை மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளில் மாணவர் நடன இசைக்குழுக்கள் ரொம்பவே பிரபலமாக இருந்தன. 1930களில் அலபாமா மாநில ஆசிரியர் கல்லூரியின் குழு ஊர் ஊராகப் போய் வாசித்து, கல்லூரிக்கே பணம் சம்பாதித்துக் கொடுத்தது. ஆனால் அது பாடம் இல்லை, பட்டமும் இல்லை.

1945இல் பாஸ்டன் நகரத்தில் லாரன்ஸ் பெர்க் என்பவர் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற சிறிய பள்ளியைத் தொடங்கினார். 1954இல் தன் மகன் லீ பெர்க்கின் பெயரைத் திருப்பிப் போட்டு அதற்கு பெர்க்லீ என்று பெயர் மாற்றினார். இன்று உலகம் முழுவதும் தெரிந்த பெர்க்லீ இசைக் கல்லூரி இது தான்.

முழுப் பட்டப்படிப்பு என்று பார்த்தால் 1947 தான் முக்கியமான ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் ஊரில் இருந்த வடக்கு டெக்சாஸ் ஆசிரியர் கல்லூரியில் ஜீன் ஹால் என்பவர் அந்தப் படிப்பைத் தொடங்கினார். பாடத்தின் பெயர் என்ன தெரியுமா? ஜாஸ் அல்ல, 'நடன இசைக்குழு'! ஜாஸ் என்ற சொல்லுக்கு அவ்வளவு கெட்ட பெயர்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. வேடிக்கை என்று சொல்வதா வேதனை என்று சொல்வதா தெரியவில்லை. அந்தக் கல்லூரியில் அப்போது கறுப்பின மாணவர்கள் சேரவே முடியாது. 1950களின் நடுப்பகுதியில் தான் அந்தத் தடை நீங்கியது. அதாவது ஒரு சமூகத்தின் இசைக்கு உள்ளே இடம் கிடைத்தது, அந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

அதே 1947, சென்னை

அதே 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நீண்ட காலம் போராடினார்கள். அந்த வழக்கத்தால் அவதிப்பட்ட பெண்கள் ஏராளம், சட்டம் தேவையாகத் தான் இருந்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த இசைக்கும் நடனத்துக்கும் நடந்தது வேறு. கலை சபா மேடைக்குப் போனது, கௌரவமான வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அதைக் காப்பாற்றியவர்களில் பலர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

டெக்சாஸ் கதையும் சென்னைக் கதையும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் தெரிகிறது. கலைக்கு மரியாதை, கலைஞனின் குடும்பத்துக்கு இல்லை.

அப்படிப்பட்ட இசை வேளாளர் மரபில் தலைசிறந்த குடும்பம் வீணை தனம்மாளுடையது. தனம்மாளின் மகள் ஜயம்மாள். ஜயம்மாளின் பிள்ளைகளில் மூன்று பேர் இந்தக் கதைக்கு முக்கியம். நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1918இல் பிறந்தவர். மிருதங்கம் வாசித்த ரங்கநாதன் 1925இல் பிறந்தவர். புல்லாங்குழல் வாசித்த விஸ்வநாதன் 1927இல் பிறந்தவர். ரங்கநாதனின் குரு பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டை வழி மிருதங்கத்தில் அவருக்கு நிகர் அவரே.

மிடில்டவுனில் ஒரு மிருதங்கம்

இனி காட்சி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். மிடில்டவுன் என்ற சிறிய ஊரில் 1831இல் தொடங்கிய கல்விக்கூடம் வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1960களின் தொடக்கத்தில் அதன் இசைத் துறை கொஞ்சம் வித்தியாசமானவர்களின் கூடாரமாக இருந்தது. ரிச்சர்ட் வின்ஸ்லோ என்ற இசையமைப்பாளர், நவஹோ பழங்குடிப் பாட்டுகளை ஆராய்ந்த டேவிட் மக்அலெஸ்டர், இவர்களோடு புதுமைகளுக்குப் பேர்போன ஜான் கேஜும் 1960-61இல் அங்கே இருந்தார்.

1961இல் ராபர்ட் பிரவுன் வந்து சேர்ந்தார். இவர் தான் 'உலக இசை' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். பிரவுன் ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர், மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வும் எழுதியவர். அவருடைய எண்ணம் எளிமையானது. ஒரு நாட்டின் இசையை அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவரிடம் மட்டும் கற்றால் போதாது. வாசிப்பவரிடமே கற்க வேண்டும். அவரிடம் பட்டம் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது.

இப்படித்தான் 1963இல் ரங்கநாதன் வெஸ்லியனுக்கு வந்தார். உறைகலைஞர் என்ற பதவியில், அதாவது பல்கலைக்கழகத்திலேயே தங்கிக் கற்பிக்கும் கலைஞராக, அந்தத் திட்டத்தில் அமர்ந்த முதல் ஆள் அவர். பாலசரஸ்வதியும் 1960களிலிருந்து அமெரிக்கா வந்து அங்கே நடனம் கற்பித்தார். பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணன், அவருடைய தம்பி மிருதங்க வித்வான் ராகவன், பாடவும் வீணை வாசிக்கவும் வல்ல எஸ். ராமநாதன் என்று வரிசையாக நம்மவர்கள் வந்தார்கள். சிலப்பதிகாரத்தில் வரும் இசையைப் பற்றி ராமநாதன் முனைவர் பட்டம் வாங்கியது எங்கே தெரியுமா? பூம்புகாரில் இல்லை, மதுரையில் இல்லை, இந்த வெஸ்லியனில் தான்!

வகுப்பு எப்படி நடக்கும்? மிருதங்கப் பாடம் மிருதங்கத்தில் ஆரம்பிக்காது. முதலில் கையில் தாளம், வாயில் சொற்கட்டு. தகதிமி, தகிட, தகஜுணு என்று சொல்லிச் சொல்லி நாக்கிலும் உடம்பிலும் கணக்கு ஏற வேண்டும். பிறகு தான் தோலில் கை வைக்கலாம். ரங்கநாதனிடம் படித்த அமெரிக்க மாணவர்களும் இப்படித்தான் படித்தார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் நெல்சன் பிறகு அங்கேயே மிருதங்கம் கற்பித்தார். அவர் எழுதிய சொற்கட்டுப் பாடநூலை 2008இல் வெஸ்லியன் பதிப்பகம் வெளியிட்டது. இன்னொரு மாணவர் ஜான் ஹிக்கின்ஸ். திருவையாறு ஆராதனையில் பாடி, நம் ரசிகர்களால் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அழைக்கப்பட்டாரே, அவரே தான்.

ஆக 1960களின் நடுவிலேயே வெஸ்லியன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட்டது. எழுதப்படாத இசைக்கும் பாடத்திட்டம் உண்டு. பட்டம் இல்லாதவரும் ஆசிரியர் ஆகலாம். குருவின் எதிரே தரையில் உட்கார்ந்து படித்தாலும் அது பல்கலைக்கழகப் படிப்பு தான்.

சரி, அப்படியானால் ஜாஸ்?

1969 பிப்ரவரி 21

இங்கே தான் சங்கடமான கேள்வி வருகிறது. பூமியின் மறுபக்கத்திலிருந்து மிருதங்கம் வந்துவிட்டது. சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து சாக்ஸபோன் ஆசிரியர் வரவில்லை. தூரத்து இசைக்கு மரியாதை செய்வது சுலபம், அதில் உள்ளூர் வழக்கு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு இசைக்கு மரியாதை செய்தால் பக்கத்து வீட்டுக்காரனையும் உள்ளே கூப்பிட வேண்டுமே!

வெஸ்லியனில் வெள்ளைக்கார ஆண் பிள்ளைகளே பெரும்பாலும் படித்து வந்தார்கள். 1965இலிருந்து தான் கறுப்பின மாணவர்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சேர்த்தார்களே தவிர, அந்த மாணவர்களின் வரலாறோ இலக்கியமோ இசையோ பாடத்தில் இல்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் கல்லூரிகளில் கொந்தளிப்பு.

1969 பிப்ரவரி 21, மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட நான்காம் ஆண்டு நினைவு நாள். அன்று வகுப்புகளை நிறுத்தி அவரை நினைவுகூர வேண்டும் என்று கறுப்பின மாணவர்கள் கேட்டார்கள். மறுப்பு வந்ததும் விடியற்காலையில் ஃபிஸ்க் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அன்றைய வகுப்பு மட்டும் அவர்களுடைய கேள்வி அல்ல. எங்களைச் சேர்த்துக்கொண்டீர்கள், எங்களைப் பற்றி எதையாவது கற்பிக்கிறீர்களா என்பது தான் கேள்வி. வன்முறை இல்லாமல் அன்றே அது முடிந்தது. அதன் பிறகு கறுப்பின மாணவர்களுக்கான இல்லம், கறுப்பின ஆய்வுகளுக்கான அமைப்பு என்று பல மாற்றங்கள் வந்தன.

அதே ஆண்டில் கிளிஃபர்ட் தார்ன்டன் என்ற கார்னெட், டிராம்போன் கலைஞர் ஆப்பிரிக்க அமெரிக்க இசை கற்பிக்க உதவிப் பேராசிரியராக வெஸ்லியனுக்கு வந்தார். ஃபிலடெல்ஃபியாக்காரர், அரசியல் உணர்வு மிகுந்தவர். அவர் காலத்தில் உறைகலைஞர்களாக வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் எந்த ஜாஸ் ரசிகரும் வாய் பிளப்பார். சாக்ஸபோன் கலைஞர்கள் சாம் ரிவர்ஸ், மரியன் பிரவுன். ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் பேஸ் வாசித்த ஜிம்மி கேரிசன். ஆர்னெட் கோல்மனின் டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல். 1969இலேயே கானா நாட்டு முரசு ஆசான் ஆபிரகாம் அட்ஸென்யாவும் வந்தார், 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கற்பித்தார்.

இவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உறைகலைஞர் என்ற அந்த ஏற்பாடு ஏற்கெனவே அங்கே இருந்தது. ரங்கநாதனுக்கு நாற்காலி போட்ட பல்கலைக்கழகம், பிளாக்வெல்லிடம் பட்டம் எங்கே என்று கேட்க முடியாது. கதவின் மாதிரி ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. அந்தக் கதவைத் தங்களுக்கும் திறக்கச் சொல்லிக் கேட்டது மாணவர்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் அங்கே ஜாஸ் வேறு விதமாகத் தான் வளர்ந்திருக்கும்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

எட் பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். ஊர்வல டிரம்ஸ் சத்தம் கேட்டு வளர்ந்தவர். 1970களில் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. இரவு விடுதிகளை மட்டும் நம்பிப் பிழைக்கும் கலைஞன் என்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவரோ 1992இல் இறக்கும் வரை வெஸ்லியனோடு இணைந்து கற்பித்தார். பல்கலைக்கழகம் கலைக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு இது ஒரு நேரடி பதில். கலைஞனுக்கு மாதச் சம்பளம் தரும்.

விஸ்வநாதனின் பாதை வேறு. அவர் 1958 முதல் 1960 வரை ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைவராக இருந்தார். தனம்மாளின் பேரன், கச்சேரி வித்வான், துறைத் தலைவர். அப்படிப்பட்டவர் மாணவராக மீண்டும் உட்கார்ந்து 1975இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் வாங்கினார். அதன் பின் 2002இல் மறையும் வரை அங்கேயே பேராசிரியர்.

அவரைப் போலவே 1927இல் பிறந்தவர் ஃபிலடெல்ஃபியாவின் சாக்ஸபோன் கலைஞர் பில் பாரன். அவரும் 1975இல் தான் முனைவர் பட்டம் வாங்கினார். வெஸ்லியனில் ஜாஸ் கற்பித்து, இசைத் துறைக்கே தலைவராகவும் இருந்தார். சென்னைப் புல்லாங்குழலும் ஃபிலடெல்ஃபியா சாக்ஸபோனும் ஒரே வயதில், ஒரே துறையில்!

இதில் பெருமையும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. உறைகலைஞர் என்றால் விருந்தாளி. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, வீட்டில் முடிவெடுக்கும் உரிமை குறைவு. வீட்டுக்காரர் ஆக வேண்டுமானால் பட்டம் தேவைப்பட்டது. 40 வருடம் வாசித்த கை ஒரு ஆய்வேட்டையும் எழுதிக் காட்டிய பிறகே அந்த இடம் முழுமையாகக் கிடைத்தது. கதவு திறந்தது உண்மை தான். ஆனால் வாசல்படி உயரமாகவே இருந்தது.

மாடிப்படியில் நடந்த சந்திப்புகள்

ஒரே துறையில் இத்தனை பேரைக் கொண்டு போய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? பக்கத்து அறைச் சத்தம் காதில் விழும்!

எல். சங்கர் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர். கச்சேரியில் வயலின் பக்கவாத்தியம் பற்றி ஆய்வு செய்து 1974இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே இருந்த காலத்தில் ஜிம்மி கேரிசன் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு பழகினார். அதே சமயம் இங்கிலாந்துக்காரரான கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வீணை கற்க ராமநாதனைத் தேடி வெஸ்லியனுக்கு வந்துகொண்டிருந்தார். மைல்ஸ் டேவிஸோடு வாசித்துப் புகழின் உச்சியில் இருந்தவர், சரளி வரிசையிலிருந்து தொடங்கத் தயாராக இருந்தார்.

மெக்லாஃப்லின், சங்கர், ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் சேர்ந்த குழு தான் சக்தி. 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வந்தது. அதில் மிருதங்கம் வாசித்தவர் வெஸ்லியனில் கற்பித்த அதே ராமநாதபுரம் ராகவன். கிதாரும் கடமும் ஒரே கோர்வையில் வந்து விழும் அந்த இசை பல தலைமுறைகளைப் பாதித்தது. 2024இல் சக்தி குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தபோது எல்லாரும் விருதைப் பற்றிப் பேசினார்கள். அதன் ஒரு வேர் மிடில்டவுன் வகுப்பறையில் இருப்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கிளைகளும் பரவின. ஹிக்கின்ஸ் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1971இல் அங்கே மிருதங்கம் கற்பிக்கப் போனவர் திருச்சி சங்கரன். அவரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் தான். ஆக ஒரே புதுக்கோட்டை குருவின் இரண்டு சீடர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு பல்கலைக்கழகங்களில்! வெஸ்லியனில் 1990 முதல் 2013 வரை ஆண்டனி பிராக்ஸ்டன் கற்பித்தார். மேரி ஹால்வர்சன், டைஷான் சோரி போன்ற இன்றைய முன்னணிக் கலைஞர்கள் அவரிடம் படித்தவர்கள்.

ஓசூருக்கு 40 கிலோமீட்டர்

இந்தக் கலப்பு நம் எல்லைக்கு அந்தப் பக்கமும் நடந்தது. பெங்களூரில் 1964இல் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். பெர்க்லீயில் ஆசிரியராக இருந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ இந்தக் குழுவோடு பல ஆண்டுகள் வாசித்தார். 1983இல் ஜோதி என்ற இசைத்தட்டு வந்தது. ஆர்.ஏ. ராமமணியின் குரலும் மரியானோவின் சாக்ஸபோனும் அதில் பேசிக்கொள்ளும். மரியானோ நாதஸ்வரம் கற்று மேடையில் வாசித்த அமெரிக்கர் என்பது நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டில் 2010இல் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் செய்யூர் அருகே ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் ஸ்வர்ணபூமி இசை அகாடமி தொடங்கப்பட்டது. தலைமை தாங்கியவர் கிதார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு பெர்க்லீ போனவர். ஜாஸும் கொன்னக்கோலும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. தொழிற்பேட்டையும் இசையும் சேராது என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் 2014இல் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். பட்டியல் நீளமானது.

நாற்காலி யாருக்கு?

பல்கலைக்கழகம் போனால் இசை செத்துவிடும், எல்லாரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. 12 வருடம் குருவோடு இருந்து கற்றதை ஒரு செமஸ்டருக்குள் அடக்க முடியாது. மார்க்குக்காக வாசித்த தனி ஆவர்த்தனம் மார்க்கு போலவே இருக்கும்! ஆனால் வெஸ்லியன் கதை காட்டுவது வேறு. டெக்சாஸில் 1947இல் இசை உள்ளே வந்தது, அதைப் பெற்றெடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். வெஸ்லியனில் இசையோடு சேர்ந்து மனிதர்களும் வந்தார்கள். இரண்டாவது வகை தானாக நடக்கவில்லை. ஒரு பிரவுன் தன் குருவைக் கூப்பிட வேண்டியிருந்தது. மாணவர்கள் ஒரு கட்டடத்துக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரி கிராமங்களில் தெருக்கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது. முகவீணை ஊதுபவர், மிருதங்கம் அடிப்பவர், நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கும் கூத்து வாத்தியார் எல்லாரும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஊரே அவரை 'வாத்தியார்' என்று தான் கூப்பிடுகிறது. அவரைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. அந்த ஆய்வாளருக்குக் கல்லூரியில் நாற்காலி கிடைக்கும். அந்த வாத்தியாருக்கு?

மிடில்டவுனில் ஒரு மிருதங்க வித்வானுக்கு 1963இல் கிடைத்த இடம், ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கூத்து வாத்தியாருக்குக் கிடைக்க என்ன தடை? பணமா, விதிமுறையா, அல்லது பக்கத்து வீட்டுக்காரன் என்பதா? கல்லூரியில் படிப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. 1969இல் அங்கேயும் முதலில் கேட்டது மாணவர்கள் தான்.